கடுவையாற்றில் ஒரு 45 லிட்டர் குளிர்பெட்டி: பதினான்கு மாதக் கணக்கு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். படகைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். பெட்டி 58,000 ரூபாய். அதைப் பட்டினி போடாமல் வைத்திருக்க பேட்டரி, சூரியத் தகடுகள், கம்பி, ஃபியூஸ் என்று இன்னொரு 61,000 போயிற்று. இந்த இரண்டாவது தொகையைப் பற்றிக் கடைக்காரர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

ஏனென்றால் நான் முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக இருந்தவன். முந்நூறு குளிர்சாதனக் கன்டெய்னர்களுக்கு 440 வோல்ட் மின்சாரம் கொடுத்து, இறைச்சியும் வாழைப்பழமும் கெடாமல் கடல் கடத்தியவன். அந்தத் தலைக்கனத்தோடு ஒரு 45 லிட்டர் பெட்டியைப் படகில் ஏற்றினேன். முதல் இரவே அது என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தியது.

படகு 24 அடி ஃபைபர். ஒரு பாய்மரம், இரண்டு பேர் குனிந்து நுழையும் அறை, அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், சிறிய அவுட்போர்டு எஞ்சின். நாகப்பட்டினத்தில் கடுவையாற்றில் கட்டிக் கிடக்கும். மாசியிலிருந்து ஆவணி வரை மாதம் இரண்டு முறையாவது தெற்கே போவோம். வேளாங்கண்ணிக் கோபுரத்தை வலப்பக்கம் விட்டு, கோடியக்கரை வரை கரையோரமாக ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். காற்று ஒத்துழைத்தால் ஒரு பகல். இல்லாவிட்டால் வழியில் நங்கூரம் போட்டு ஓர் இரவு. உடன் வருவது என் மைத்துனர். அவருக்குச் சர்க்கரை நோய், இரண்டு வேளை இன்சுலின். குளிர்பெட்டி வந்த காரணம் அதுதான். தயிரும் மோரும் அதன் தயவில் ஏறிக்கொண்டவை.

பெட்டியைப் பற்றி நல்லதை முதலில் சொல்கிறேன். உள்ளே இருப்பது பிடி35 கம்ப்ரசர். டான்ஃபாஸ் கம்பெனி உருவாக்கியது. அந்தத் தொழில் கைமாறிய பிறகு சீகாப் என்ற பெயரில் வருகிறது. 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டிலும் நேரடியாக ஓடும். படகு முப்பது பாகை சாய்ந்தாலும் முனகாமல் ஓடியதைப் பார்த்தேன். ஓடும்போது நான்கு ஆம்பியர் சுற்றுவட்டாரத்தில் இழுக்கிறது. சத்தம் மிகக் குறைவு. இரவில் படகின் பக்கத்தில் அலை தட்டுவதுதான் காதில் விழும், பெட்டி அல்ல. மூடி மேல்நோக்கித் திறக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேயே தங்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி கதவைத் திறந்ததும் காலில் கொட்டிவிடாது. இதற்கு முன் காரில் வைக்கும் மலிவான குளிர்பெட்டி ஒன்றை வாங்கி ஏமாந்தேன். கம்ப்ரசர் இல்லாத, மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடேறும் பெல்டியர் வில்லை வைத்த வகை அது. வெளியே இருக்கிற வெப்பத்திலிருந்து பதினெட்டு இருபது பாகைதான் இறக்கும், அதற்கும் ஓய்வே இல்லாமல் மின்சாரம் குடிக்கும். சித்திரை வெயிலில் 36 பாகையில் வைத்தால் உள்ளே 17. அதில் இப்போது என் மனைவி வெங்காயம் வைத்திருக்கிறாள்.

இனி அந்த முதல் இரவு. மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வெயிலில் கிடந்த பத்து லிட்டர் குடிநீர், கடையில் அப்போதுதான் வாங்கிய தயிர், ஒரு தர்பூசணி, இன்சுலின் எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து, சுவிட்சைப் போட்டேன். பேட்டரி வீட்டு இன்வெர்ட்டரில் வைக்கும் டியூபுலர் வகை, 100 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு ஆம்பியர் வீதம் நூறு மணி நேரம் கொடுக்கும் கொள்ளளவு. மனக்கணக்கு சுலபம்: நான்கு ஆம்பியர், பாதி நேரம்தான் ஓடும், இரண்டு நாள் தாங்கும். அதிகாலை மூன்று மணிக்கு மைத்துனர் எழுப்பினார். “அத்தான், பெட்டி கண் சிமிட்டுகிறது.”

கம்ப்ரசரை இயக்கும் கன்ட்ரோலர் பக்கத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு. ஒரு முறை மினுக்கும், சற்று நிற்கும், மறுபடி ஒரு முறை மினுக்கும். ஒரு மினுக்கு என்றால் பேட்டரியில் வோல்ட் போதவில்லை, நிறுத்திவிட்டேன் என்று பொருள். இரண்டு மினுக்கு விசிறிக் கோளாறு, மூன்று என்றால் கம்ப்ரசர் கிளம்பவில்லை, ஐந்து என்றால் கன்ட்ரோலர் சூடேறிவிட்டது. இந்தக் கம்ப்ரசருக்கு ஆலையிலேயே வைத்து அனுப்பும் எல்லை 10.4 வோல்ட், அதற்குக் கீழே போனால் நிற்கும், 11.7 வந்தால்தான் மறுபடி கிளம்பும். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி முனையில் வைத்தேன்: 11.8. பெட்டியை மறுபடி போட்டு, அது கிளம்பும் நொடியில் அதன் முனையில் வைத்தேன்: 10.4. ஆறு மீட்டர் தூரத்தில் 1.4 வோல்ட்டைக் காணவில்லை.

எங்கே போயிற்று என்று கையாலேயே கண்டுபிடித்தேன். சிகரெட் லைட்டர் சாக்கெட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கடையிலிருந்து வந்து பொருத்திக் கொடுத்த பையன் பெட்டியோடு வந்த மெல்லிய கம்பியையே ஒட்டுப்போட்டு நீட்டி, லைட்டர் சாக்கெட்டில் செருகிவிட்டுப் போயிருந்தான். கம்பி ஒரு சதுர மில்லிமீட்டர். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர், ஆக பன்னிரண்டு மீட்டர் செம்பு. அதன் தடை சுமார் 0.2 ஓம். ஐந்து ஆம்பியர் போனால் ஒரு வோல்ட் அங்கேயே காலி. மீதி சாக்கெட்டில். முப்பது வருட மின் அதிகாரி இதைப் புறப்படும் முன்பே பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, வெள்ளீயம் பூசிய ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பேட்டரியிலிருந்து நேராகப் பெட்டிக்கு இழுத்தது. பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். லைட்டர் சாக்கெட் குப்பைக்கு. இழப்பு 0.2 வோல்ட்டுக்குள் வந்தது. உப்புக்காற்றில் சாதாரணச் செம்புக் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் பச்சைக் களிம்பு ஏறிவிடும், அதனால்தான் வெள்ளீயப் பூச்சு. கடைக்குப் போன் செய்து சொன்னேன். “எல்லோருக்கும் அப்படித்தான் சார் போட்டுக் கொடுக்கிறோம், யாரும் குறை சொல்லவில்லை” என்றார்கள். அந்த ‘எல்லோரும்’ யாரென்று தெரிந்தால் ஒரு மல்டிமீட்டர் அனுப்பிவைப்பேன்.

கம்பி சரியானதும் பெட்டி நிற்காமல் ஓடியது. நிற்காமல் என்பதைக் கவனியுங்கள். இப்போதுதான் உண்மையான பிரச்சினை கண்ணில் பட்டது. பேட்டரியின் மைனஸ் முனையில் ஷண்ட் மீட்டர் ஒன்றைப் பொருத்தினேன். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஆம்பியர்-மணியில் கூட்டிக் கழித்துச் சொல்லும் கருவி. பங்குனி மாதம், ஒரு முழு நாள்: 67 ஆம்பியர்-மணி. நாளில் எழுபது சதவீத நேரம் கம்ப்ரசர் ஓடியிருக்கிறது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 100 என்று எழுதியிருந்தாலும் புழங்கக் கிடைப்பது 50. அதாவது ஒரே நாளில் திவால்.

குளிர்பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை, உள்ளே வந்த வெப்பத்தைச் சுமந்து வெளியே கொட்டுகிறது. அது கொட்டும் இடம் எப்படி இருக்கிறது என்று அமரத்துப் பெட்டகத்தைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். இட்லிப் பானை. எஞ்சினுக்குப் பெட்ரோல் தொட்டி வைக்கும் மூலைக்குப் பக்கத்தில், காற்றே இல்லாத பொந்தில் பெட்டியை வைத்திருந்தோம். அது ஊதிய சூட்டையே அது திரும்ப மூச்சிழுத்துக்கொண்டிருந்தது. பெட்டியை அறைக்குள், மிதிபலகைக்குக் கீழே, கடல்நீர் படும் அடிப்பகுதிக்குப் பக்கமாக மாற்றினேன். கீழே குளிர்ந்த காற்று நுழைய நான்கு அங்குல ஓட்டை ஒன்று, மேலே சூடு வெளியேற இன்னொன்று. பெட்டியின் சுவர் ஒன்றரை அங்குல நுரைதான். காற்றுத் துளைகளை விட்டுவிட்டு மற்ற நான்கு பக்கமும் மூடியிலும் இரண்டு அங்குல அடர்நுரைப் பலகை ஒட்டினேன். வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். ஈரம் குடித்து, ஒரு வருடத்தில் பொரியாக உதிரும். இதற்கு முன் மூடியின் மேல் விடியற்காலையில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். விரலால் கோடு போட்டால் ஓடும். குளிர் அந்த வழியாகப் போகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பலகை ஒட்டிய பிறகு மூடி காய்ந்தே கிடக்கிறது.

பிறகு பழக்கம். குடிநீரை வீட்டு ஃப்ரிட்ஜில் முதல் நாளே குளிரவைத்துக் கொண்டுவருகிறோம். பத்து லிட்டர் தண்ணீரை 32 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க 325 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அதைக் கரண்ட் பில்லில் கட்டுவது படகு பேட்டரியில் கட்டுவதைவிடப் பலமடங்கு மலிவு. தாகத்துக்கு ஒரு தனிக் குடுவை. நிமிடத்துக்கொரு முறை மூடியைத் திறந்து “என்ன இருக்கிறது” என்று எட்டிப் பார்க்கும் மைத்துனருக்குத் தடை உத்தரவு. இவ்வளவும் செய்து அதே பங்குனி வெயிலில் மறுபடி அளந்தேன்: 36 ஆம்பியர்-மணி. பெட்டியில் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பவில்லை.

இதற்கு நடுவே நான் செய்த அதிபுத்திசாலித்தனம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பகலில் சூரியத் தகடு கொழுத்திருக்கும் நேரத்தில் பெட்டியை வேகமாக ஓடவிட்டு, உள்ளே பாட்டில்களை உறையவைத்தால், இரவில் அந்தப் பாட்டில்களே குளிரைத் தரும். யோசனை சரி. பக்கத்திலேயே வேதாரண்யம் இருக்கிறது, உப்புக்கா பஞ்சம்? பத்து சதவீத உப்புக் கரைசல் மைனஸ் ஆறரை பாகையில்தான் உறைய ஆரம்பிக்கும். உருகும்போதும் பூஜ்யத்துக்குக் கீழேயே நிற்கும். பெருமையாக நான்கு பாட்டில் கலந்து வைத்தேன். மறுநாள் காலை மைத்துனர் இன்சுலின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஊசி ஊசியாகப் பனி. இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு பாகைக்குள் வைக்க வேண்டும். ஒரு முறை உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அதை நம்பக் கூடாது, எறிய வேண்டியதுதான். தயிரையும் கத்தியால் வெட்டித்தான் தின்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து மாற்றுக் குப்பியை எடுத்துக்கொண்டு, “இதை என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன் அத்தான்” என்றார். அதற்கு அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதன் பிறகு வெறும் நல்ல தண்ணீர்ப் பாட்டில்தான். இரண்டை வீட்டில் உறையவைத்து எடுத்துவருவோம். மருந்துக்கு மேல் பக்கத்தில் தனிக் கூடை. சுவரையும் பாட்டிலையும் தொடாதபடி, துணி சுற்றி, கூடவே ஒரு சின்ன வெப்பமானி.

சூரியத் தகடு இரண்டு, ஒவ்வொன்றும் 100 வாட். நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்கு இரண்டும் சேர்ந்து அறுபது ஆம்பியர்-மணி கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைப்பது நாற்பத்தைந்து. குறைவதற்குக் காரணம் பாய். தெற்கு நோக்கிப் போகிறோம். பகல் ஏறியதும் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். பாய் மேற்கே தள்ளி நிற்கும். மாலைச் சூரியனும் மேற்கே. பாயின் நிழல் அறைக் கூரையில் இருக்கும் தகட்டின் மேல் அப்படியே விழும். ஒரு தகட்டில் ஓரத்தில் கொஞ்சம் நிழல் பட்டாலே அதன் உற்பத்தி படுத்துவிடும். ஆரம்பத்தில் இரண்டையும் தொடராக இணைத்திருந்தேன். ஒன்றின் சோம்பல் மற்றதையும் தொற்றியது. இப்போது பக்க இணைப்பு: ஒன்று கூரையில், ஒன்று அமரத்தில் சுக்கானுக்கு மேலே கம்பிச் சட்டத்தில். கூரைத் தகடு தூங்கினாலும் அமரத்துத் தகடு வேலை செய்யும். அக்கரைப்பேட்டையில் எனக்குப் பாய் கட்டச் சொல்லிக்கொடுத்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “காற்றுக்குப் பாய் கட்டுகிறாய், வெயிலுக்கும் பாய் கட்டியிருக்கிறாயே தம்பி” என்றார். பாராட்டா கேலியா என்று இன்னும் விளங்கவில்லை.

அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். “ஒரு பெட்டி ஐஸ் போட்டுக்கொண்டு போனால் ஆகாதா?” ஆகும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை விழுங்குகிறது. என் பெட்டிக்குள் ஒரு நாளில் நுழையும் வெப்பத்துக்கு ஆறேழு கிலோ ஐஸ் போதும். ஐஸ் பாரை உடைத்து 15 கிலோ போட்டால் இரண்டு நாள் ஓடிவிடும், பேட்டரியே வேண்டாம். மீனுக்கு ஐஸைவிட நல்லது எதுவும் கிடையாது. இன்றும் மீன் கிடைத்தால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுத்தான் வைக்கிறேன், குளிர்பெட்டியில் மீனை விடுவதில்லை. ஓர் இரவு, இரண்டு இரவு போகிறவர் 58,000 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். எனக்கு ஐஸ் ஒத்துவராததற்குக் காரணம் உருகிய தண்ணீரில் மிதக்கும் மருந்துப் பெட்டியும், கோடியக்கரையில் மூன்றாம் நாள் ஐஸுக்கு அலைந்த அனுபவமும்.

வீட்டு ஃப்ரிட்ஜை இன்வெர்ட்டரில் போட்டுவிடலாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். பெட்டி சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டு தின்னும். பத்து வாட் என்றாலே நாளுக்கு இருபது ஆம்பியர்-மணி. அதற்கு மேல் பேச வேண்டாம்.

பேட்டரியை லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாற்றினேன், அதே 100 ஆம்பியர்-மணி. எண்பது வரை பயமில்லாமல் எடுக்கலாம், எடை பாதிகூட இல்லை, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை. ஒரு எச்சரிக்கை: பழைய பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்தே வயிறு எவ்வளவு காலி என்று சொல்லிவிடலாம், ஓய்வில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. லித்தியம் 13.2 பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும், பிறகு திடீரென்று விழும். ஷண்ட் மீட்டர் இல்லாமல் லித்தியம் வாங்காதீர்கள். தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலரிலும் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைய கணக்கு: பெட்டிக்கு 36, விளக்கு, ரேடியோ, போன் எல்லாவற்றுக்கும் 10, ஆக 46. வருவது 45. எஞ்சின் துறைமுக வாயில் தாண்டும் அரைமணி நேரத்தில் கொடுக்கும் இரண்டு மூன்று ஆம்பியர்-மணி அந்த ஓட்டையை அடைக்கிறது. மேகம் மூடினால் பாட்டில்களும் பேட்டரியும் இரண்டு நாள் தாங்கும். போன ஆனியில் நான்கு இரவு தொடர்ந்து வெளியே இருந்தோம். திரும்பும்போது மீட்டர் 71 சதவீதம் காட்டியது.

குறை? மூடியின் ரப்பர். பதினோராம் மாதம் ஒரு மூலையில் கிழிந்தது. கடையில் உதிரிபாகம் இல்லை. வந்து சேர ஐந்து வாரம். அதுவரை சைக்கிள் ட்யூபைப் பட்டையாக வெட்டி ஒட்டி, மேலே கயிறு போட்டு இறுக்கினேன். கிழிந்த வாரத்தில் மீட்டர் 36-லிருந்து 49-க்குத் தாவியது, ஒரு விரல் நீளக் கிழிசலுக்கு. வாங்கும்போதே ஒரு ரப்பரைக் கூடுதலாக வாங்கி வையுங்கள். உள்ளே தண்ணீர் வடிய ஓட்டை இல்லாததும் எரிச்சல். வாரத்துக்கொரு முறை பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் படகைக் கரையேற்றிவிடுவோம். வாடைக் காற்றில் எனக்கு வேலையில்லை. பெட்டிக்கு மட்டும் அப்போதும் விடுமுறை கிடையாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது மைத்துனரின் வேதாரண்யம் வீட்டில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மண்பானையை ஈர மணலில் புதைத்து அதற்குள் இன்சுலினை வைத்துக் காப்பாற்றினாள் அவர் மனைவி. இந்த வருடம் மழை தொடங்கியதும் பெட்டி, பேட்டரி, ஒரு தகடு மூன்றையும் ஆட்டோவில் ஏற்றி அங்கே கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டேன். ஆறு சதுர மில்லிமீட்டர் கம்பியையும் கையோடு எடுத்துப் போனேன். நேற்று அவரிடமிருந்து போன் வந்தது. பெட்டி நன்றாக ஓடுகிறதாம். தை பிறந்ததும் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்கிறார்.